அந்த லேண்ட் ரோவரை வாங்குவதற்கு முன்

அன்புள்ள சேகர்,

உன் கடிதமும் போட்டோக்களும் கிடைத்தன. பதில் எழுதத் தாமதமானதற்குக் காரணம் வேலைதான். மாங்காய் சீசன் தொடங்கிவிட்டால் கூழ் ஆலைகளுக்கு லோடு அடிக்கும் வண்டிகள் எல்லாம் ஒரே நேரத்தில் பட்டறைக்கு வந்து நிற்கும், உனக்கே தெரியும். வீட்டில் எல்லோரும் நலம். சின்னவளுக்கு ஓசூரில் வேலை கிடைத்திருக்கிறது, தினமும் கிருஷ்ணகிரியிலிருந்து பஸ்ஸில் போய் வருகிறாள். அம்மாவுக்கு முழங்கால் வலி மட்டும் அப்படியே இருக்கிறது.

சரி, வண்டி விஷயத்துக்கு வருகிறேன். இங்கிலாந்தில் கவெண்ட்ரியில் இருக்கிறாய், லேண்ட் ரோவர் பிறந்த சோலிஹல் உனக்குப் பக்கத்து ஊர், பழைய லேண்ட் ரோவர் ஒன்றை வாங்கி நம் ஊருக்குக் கொண்டு வரும் ஆசை வராமல் இருந்தால்தான் ஆச்சரியம். நீ அனுப்பியது இரண்டு வண்டி. இரண்டுமே 1965ஆம் வருட சீரிஸ் டூ-ஏ மாடல், முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடையே 88 இன்ச். ஒன்றில் துத்தநாகம் பூசிய புது சேஸ் (வண்டியைத் தாங்கும் அடிச்சட்டம்), 200டிடிஐ டீசல் எஞ்சின், பவர் ஸ்டீயரிங், முன்னால் டிஸ்க் பிரேக் என்று எல்லாம் செய்து பளபளவென்று நிற்கிறது. இன்னொன்று பெயின்ட் உரிந்து, சீட் கிழிந்து, பழைய 2286 சிசி பெட்ரோல் எஞ்சினோடு கொட்டகையில் கிடக்கிறது. உன் கண் முதல் வண்டி மேல் இருப்பது கடிதத்தைப் படித்தாலே தெரிகிறது. நான் சொல்வது இரண்டாவது வண்டியை. காரணத்தை விவரமாகவே சொல்கிறேன், ஏனென்றால் இதில் நிறையப் பணம் போகும், அது வீணாகப் போவதைப் பார்க்க எனக்கு மனசு வராது.

வெளிநாட்டிலிருந்து பழைய வண்டி கொண்டு வருவதற்கு நம் நாட்டில் இரண்டே வழி. சாதாரண பழைய கார் என்றால் தயாரித்து மூன்று வருடத்துக்குள் இருக்க வேண்டும், அது உனக்குப் பொருந்தாது. மற்றது மிகப் பழைய வண்டிகளுக்கான விண்டேஜ் வழி. முன்பெல்லாம் 1950க்கு முன் தயாரான வண்டிகளுக்குத்தான் லைசென்ஸ் இல்லாமல் அனுமதி இருந்தது, 2025ல் அதை மாற்றி 50 வருடம் ஆன வண்டி என்று ஆக்கிவிட்டார்கள். உன் ஆசைக்குக் கதவு திறந்தது அதனால்தான். ஆனால் துறைமுகத்தைத் தாண்டி வந்ததும் ஆர்டிஓ ஆபீஸில் வேறொரு விதி இருக்கிறது. 2021 ஜூலையில் மத்திய அரசு கொண்டு வந்த விண்டேஜ் பதிவு விதிப்படி, வண்டிக்கு 50 வயது ஆகியிருந்தால் மட்டும் போதாது, அது ஒரிஜினல் வடிவத்திலேயே இருக்க வேண்டும். சேஸ், பாடி, எஞ்சின் இவற்றில் பெரிய மாற்றம் செய்திருந்தால் விண்டேஜ் என்றே எடுத்துக்கொள்ள மாட்டார்கள். அந்த முதல் வண்டியில் சேஸும் புதுசு, எஞ்சினும் வேறு. 200டிடிஐ எஞ்சினே 1989ல்தான் வந்தது! இங்கிலாந்தில் விலையை ஏற்றிக் காட்டும் அதே வேலைகள்தான் இங்கே வண்டியைப் பதிவே செய்ய முடியாமல் ஆக்கும். சுங்க வரி, அதன் மேல் ஜிஎஸ்டி, அதுவும் வண்டி விலையோடு கப்பல் கூலியையும் இன்ஷூரன்ஸையும் கூட்டி அந்தத் தொகையின் மேல் போடுவார்கள், கடைசியில் வரி மட்டுமே வண்டியின் விலையைத் தாண்டிவிடும். அவ்வளவும் கட்டிவிட்டு நம்பர் பிளேட் இல்லாத வண்டியை மாந்தோப்பில் நிறுத்தி வைத்து என்ன செய்வது?

அதனால் இரண்டாவது வண்டியை நேரில் போய்ப் பார். பாடி அலுமினியக் கலவை, அது துருப்பிடிக்காது, அதைப் பார்த்து ஏமாறாதே. போருக்குப் பிறகு இரும்புத் தட்டுப்பாட்டில் அப்படிச் செய்ய ஆரம்பித்தார்கள். அடியில் இருக்கும் சேஸும், டேஷ்போர்டைத் தாங்கும் பல்க்ஹெட்டும் இரும்பு. உங்கள் ஊரில் குளிர்காலத்தில் ரோட்டில் உப்புக் கொட்டுகிறார்களே, அது சேஸை உள்ளிருந்தே தின்னும். சின்னச் சுத்தியல் ஒன்று எடுத்துப் போய்ப் பின்பக்க குறுக்குச் சட்டத்தையும் ஸ்பிரிங் மாட்டும் இடங்களையும் தட்டிப் பார். கணீரென்று சத்தம் வர வேண்டும். பொத்தென்று கேட்டால் உள்ளே ஒன்றுமில்லை. அலுமினியமும் இரும்பும் ஒட்டும் இடங்களில், கதவின் அடிப்பக்கம் மாதிரி, வெள்ளைப் பொடி பூத்திருக்கும், அது எல்லா லேண்ட் ரோவரிலும் உண்டு, அதற்காகப் பயப்பட வேண்டாம். அங்கங்கே ஒட்டுப்போடும் அளவு துரு என்றால் நம் பட்டறையிலேயே பார்த்துக்கொள்ளலாம். சேஸையே மாற்ற வேண்டிய நிலை என்றால் அந்த வண்டியையும் விட்டுவிடு.

அப்புறம் பேப்பர். லாக்புக்கில், அதாவது அங்கத்துப் பதிவு ஆவணத்தில், இருக்கும் சேஸ் நம்பரும் சேஸில் குத்தியிருக்கும் நம்பரும் ஒன்றுதானா என்று உன் கண்ணால் பார்த்து போட்டோ எடு. நம்பர் பிளேட் க்யூ என்ற எழுத்தில் தொடங்கினால் அதோடு பேச்சை முடித்துக்கொள். வயதை நிரூபிக்க முடியாத வண்டிக்கும், இங்கொன்று அங்கொன்றாகச் சேர்த்துக் கட்டிய வண்டிக்கும் அங்கே கொடுக்கும் எழுத்து அது. தொழிற்சாலைப் பதிவேட்டைப் பார்த்து தயாரித்த தேதியோடு ஒரு ஹெரிடேஜ் சான்றிதழ் கொடுப்பார்கள், அதையும் வாங்கிவிடு. இங்கே வயதுக்கு ஆதாரம் கேட்கும்போது அதைவிட நல்ல காகிதம் கிடையாது. லாக்புக்கில் நிரந்தர ஏற்றுமதிக்கு என்று தனிப் பகுதி இருக்கிறது, அதை நிரப்பி அங்கத்து வாகனப் பதிவு அலுவலகமான டிவிஎல்ஏவுக்கு அனுப்ப வேண்டும், அதற்கு முன் முழு லாக்புக்கையும் நகல் எடுத்து வை. எந்தத் துறைமுகத்தில் இறக்கலாம் என்பதைக் கன்டெய்னர் புக் பண்ணுவதற்கு முன்பே சுங்க வேலைகளைப் பார்க்கும் கிளியரிங் ஏஜெண்டிடம் எழுத்தில் கேட்டு வாங்கு. ஒரு காகிதம் குறைந்து கன்டெய்னர் துறைமுகத்தில் நின்றால் வாடகை நாளுக்கு நாள் ஏறும்.

பதிவுக்குக் கட்டணம் 20,000 ரூபாய், பத்து வருடத்துக்குச் செல்லும். டிஎன் விஏ என்று தொடங்கும் தனி நம்பர் கிடைக்கும். நம் தர்மபுரி நம்பரான டிஎன் 29 வராது, அது எனக்கும் கொஞ்சம் வருத்தம்தான்.

நீ கேட்ட அப்கிரேடுக்கு வருகிறேன். வெளியே தெரியாத, திரும்பக் கழற்றக்கூடிய வேலைகள் எத்தனையோ இருக்கின்றன, அவற்றை மனசார செய்து தருகிறேன். முதல் வேலை பெட்ரோல் லைன். இப்போது இங்கே பங்கில் வருவது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். 1965 ரப்பர் அதைத் தாங்காது. ஹோஸ் ஊறிப்போய் விரியும், பெட்ரோல் பம்புக்குள் இருக்கும் டயாஃப்ரம் என்ற ரப்பர் சவ்வு கெட்டியாகி வெடிப்பு விடும், எத்தனால் ஈரத்தை இழுப்பதால் டேங்க் உள்ளே துரு ஏறும். ஹோஸ், டயாஃப்ரம், கார்புரேட்டர் கேஸ்கெட் எல்லாவற்றையும் எத்தனால் தாங்கும் வகையில் அங்கேயே வாங்கிப் பெட்டியில் போட்டு வண்டியோடு அனுப்பு. ஈயம் இல்லாத பெட்ரோலால் எஞ்சின் ஹெட்டில் வால்வு உட்காரும் சீட் தேயும் என்று உனக்கு யாரோ சொன்னதும் உண்மைதான், ஆனால் அது அதிக வேகத்தில் நீண்ட தூரம் ஓட்டினால் வரும் தொல்லை. ஹெட்டைக் கழற்றும் நாள் வரும்போது கடினமான சீட் போட்டுக்கொள்ளலாம், அவசரமில்லை.

பிரேக்கில் மட்டும் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். நாலு சக்கரமும் டிரம், எல்லாவற்றுக்கும் ஒரே பிரேக் ஆயில் லைன், ஒரு இடத்தில் ஒழுகினால் மொத்தமும் போய்விடும். தொப்பூர் கணவாயில் லாரிகள் பிரேக் பிடிக்காமல் என்ன ஆகிறது என்று பார்த்துக்கொண்டே இருக்கிறோம். எல்லா வீல் சிலிண்டரும், மாஸ்டர் சிலிண்டரும், குழாய்களும் புதுசு போட்டால்தான் வண்டி பட்டறையை விட்டு நகரும். வயரிங்கையும் முழுதாக மாற்றலாம். அந்தக் காலத்தில் பாசிட்டிவ் எர்த், அதாவது பேட்டரியின் பாசிட்டிவ் முனைதான் வண்டியின் உடம்போடு சேரும், தெரியாத எலக்ட்ரீஷியன் பேட்டரியை வழக்கம் போல மாட்டிவிடுவான். நெகட்டிவ்வுக்கு மாற்றி ஆல்டர்நேட்டர் போட்டு, பழைய டைனமோவைத் துடைத்து எடுத்து வைப்போம். டயர் கவலையே இல்லை, நம்மூர் பழைய ஜீப்புக்குப் போடும் 6.00-16 அளவுதான். ஃபேரி கம்பெனியின் ஓவர்டிரைவ் (அதே வேகத்தில் எஞ்சின் சுற்றைக் குறைக்கும் கூடுதல் கியர்) ஒன்று அங்கே கிடைத்தால் வாங்கிப் போடு, அது பழைய காலத்துச் சாமான், போல்ட்டில் மாட்டுவது, வெட்டு ஒட்டு கிடையாது.

இன்னொன்றையும் நீ தெரிந்துகொண்டே பணம் போட வேண்டும். விண்டேஜ் பதிவு வண்டியை ரோட்டில் தினசரி ஓட்ட முடியாது. கண்காட்சி, ரேலி, ஆராய்ச்சி, பெட்ரோல் போடுவது, ரிப்பேர், இவற்றுக்குத்தான். பென்னாகரத்திலிருந்து தர்மபுரிக்குக் காய்கறி வாங்கப் போக ஆகாது. சொந்த நிலத்துக்குள் பாறைமேல் ஏற்றி இறக்குவது உன் இஷ்டம், மேலே சொன்னது ரோட்டுக்கான விதி. ஒகேனக்கல் பக்கம், அஞ்செட்டிப் பக்கம் காட்டுக்குள் விடலாம் என்று எழுதியிருந்தாய், அதை மறந்துவிடு. அது வனத்துறை நிலம், யானை நடமாடும் இடம், நாம் வண்டி ஓட்டிப் பார்க்கும் இடமில்லை. தினசரி ஏறிப் போக ஃபோர் வீல் வேண்டுமென்றால் நல்ல மஹிந்திரா எம்எம் 540 ஒன்று நான் பார்த்துத் தருகிறேன், பெஜோ டீசல் எஞ்சின், எந்த ஊர் மெக்கானிக்கும் கை வைப்பான். லேண்ட் ரோவரை லேண்ட் ரோவராகவே வைத்துக்கொள்வோம். அந்த வண்டி முதல் கியரிலும் இரண்டாவதிலும் சின்க்ரோ (கியர் உரசாமல் விழ வைக்கும் அமைப்பு) இல்லாமல், இரண்டு தடவை கிளட்ச் மிதித்துப் போடும் கியரோடு ஓடும்போது எப்படி இருக்கும் என்று எனக்கே ஆசையாக இருக்கிறது. டீசலும் பவர் ஸ்டீயரிங்கும் போட்டுவிட்டால் அது போய்விடும், அதற்கு அவ்வளவு தூரத்திலிருந்து கொண்டு வருவானேன்.

அடுத்த வாரம் அந்தக் கொட்டகைக்குப் போவதாக எழுதியிருந்தாய். சேஸ் நம்பர், லாக்புக், பின்பக்க குறுக்குச் சட்டம், பல்க்ஹெட்டின் இரண்டு ஓரம், இந்த போட்டோக்களை அனுப்பு. கிளியரிங் ஏஜெண்ட் ஒருவரிடம் நான் இங்கே பேசி வைக்கிறேன். அட்வான்ஸ் மட்டும் என் பதில் வரும்வரை கொடுக்காதே. வீட்டில் தங்கச்சியையும் பிள்ளைகளையும் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
முருகேசன்
காவேரிப்பட்டணம்