கணக்குக்கு இரண்டு பேர் போதும்

எண்ணும் எழுத்தும் பயிற்சி நூல்களைத் தயாரிக்கும் குழுவினருக்கு,

வணக்கம். கணக்கில் பிள்ளைகளை ஜோடியாக உட்கார வைக்கும் முறையையும் சேர்க்கச் சொல்லித்தான் எழுதுகிறேன். ஈராசிரியர் பள்ளியில் ஒன்று முதல் மூன்று வகுப்புகளை ஒரே அறையில் நடத்துகிறவள் நான். 2022-ல் எண்ணும் எழுத்தும் திட்டம் வந்ததிலிருந்து பிள்ளைகளைக் கற்றல் நிலைப்படி அரும்பு, மொட்டு, மலர் என்று பிரித்து உட்கார வைக்கிறோம். நல்ல ஏற்பாடுதான். ஆனால் ஐந்தாறு பேர் வட்டமாக உட்கார்ந்தால் ஒரு பிள்ளை கணக்குப் போடும், மற்றவை பார்த்து எழுதும். நான் மலர் பக்கம் திரும்பியிருக்கும்போது அரும்பில் யார் போட்டது, யார் பார்த்தது என்று கண்டுபிடிக்க முடியாது.

இரண்டிரண்டு பேராக உட்கார வைத்தால் ஒளிய இடமில்லை. பத்துப் புளியங்கொட்டை போதும். ஒருத்தி சிலவற்றைக் கைக்குள் மூடிக்கொள்வாள். வெளியே கிடப்பதைப் பார்த்து, உள்ளே எத்தனை என்று மற்றவன் சொல்ல வேண்டும். கையைத் திறந்தால் விடை தெரிந்துவிடும், நான் திருத்தவே வேண்டாம். மூன்றாம் வகுப்பில் 52-லிருந்து 28-ஐக் கழிக்கச் சொல்வேன். ஒருவன் எழுதுவான், இன்னொருத்தி பத்துப் பத்தாகக் கட்டிய குச்சிக் கட்டுகளையும் உதிரிக் குச்சிகளையும் வைத்துச் செய்வாள். அவன் பெரிய இலக்கத்திலிருந்து சின்னதைக் கழித்து 36 என்பான். அவளிடம் 24 குச்சிதான் மிஞ்சியிருக்கும். அப்புறம் சண்டைதான். அந்தச் சண்டையில் "நீ ஏன் கட்டைப் பிரிச்சே?" என்று அவன் கேட்டுவிட்டால், கடன் வாங்கிக் கழிப்பது பாதி புரிந்த மாதிரி.

முக்கியமான வேண்டுகோள்: கெட்டிக்காரப் பிள்ளை மற்றதற்குச் சொல்லிக்கொடுக்கட்டும் என்று கையேட்டில் எழுதிவிடாதீர்கள். அது திண்ணைப் பள்ளிச் சட்டாம்பிள்ளை வழக்கம். சென்னை எழும்பூரில் ஆண்ட்ரூ பெல் என்ற ஸ்காட்லாந்துப் பாதிரியார் பிள்ளைகளை வைத்தே பிள்ளைகளுக்குப் பாடம் நடத்தி 1797-ல் நூலாக எழுதியதும் இதே வகைதான். ஆசிரியர் பற்றாக்குறைக்கு அது உதவியிருக்கலாம். ஆனால் அதில் சொல்கிற பிள்ளை சொல்லிக்கொண்டே இருக்கும், கேட்கிற பிள்ளை வாயே திறக்காது. எனவே இருவருக்கும் தனித்தனி வேலை கொடுங்கள், பாதியில் மாற்றிக்கொள்ளச் சொல்லுங்கள். மொட்டுப் பிள்ளையும் மலர்ப் பிள்ளையும் சேர்ந்து உட்காரலாம் என்பதையும் எழுதிவிடுங்கள். இல்லாவிட்டால் ஏன் கலந்து உட்கார வைத்தாய் என்று கேள்வி வரும். மூன்றாவதாக ஒரு பிள்ளை மிஞ்சினால் நடுவராக வைத்துக்கொள்கிறோம்.

அக்கம்பக்கப் பள்ளி ஆசிரியர்கள் கூடும் குறுவள மையப் பயிற்சியில் எங்களையும் ஜோடியாக உட்கார வைத்து இதைச் செய்ய விடுங்கள். பார்வைக்கு வரும் அதிகாரிகளுக்கும் ஒரு வரி சேருங்கள்: ஜோடி வேலை நடக்கும் வகுப்பில் சத்தம் இருக்கும், அதற்காக ஆசிரியரைக் கடிந்துகொள்ள வேண்டாம்.

இப்படிக்கு,
ஓர் ஈராசிரியர் பள்ளி ஆசிரியை