கணக்கெடுக்க ஒரு தாள், கண்டறிய வேறு தாள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

பள்ளிப் பிள்ளைகளின் உடல்நலம் பற்றிய கணக்கெடுப்புச் செய்திகள் இதழ்களில் அடிக்கடி வருகின்றன. இத்தனை சதவீதம் பேருக்கு மனச்சோர்வு, இத்தனை பேர் புகையிலையைத் தொட்டவர்கள் என்று எண் மட்டும் வருகிறது. வினாத்தாளை யார் கொடுத்தார்கள், யார் வாங்கினார்கள் என்பது வருவதில்லை. 14 வயதுப் பிள்ளையின் பதில் பெரும்பாலும் அதைப் பொறுத்துத்தான் அமைகிறது.

உலக சுகாதார நிறுவனம் 13 முதல் 17 வயது மாணவரிடம் நடத்தும் கணக்கெடுப்பைப் பாருங்கள். முதலில் பள்ளிகள், பிறகு அவற்றில் வகுப்புகள் என்று குலுக்கல் முறையில் எடுப்பார்கள். தேர்வான வகுப்பில் அன்று வந்த எல்லாரும் ஒரே பாடவேளையில் எழுதுவார்கள். பெயர் கிடையாது. 'புகைத்ததில்லை என்றால் அடுத்த பக்கத்துக்குச் செல்லவும்' என்ற வரியும் கிடையாது. அந்த வரி இருந்தால் புகைக்காத பையன் சீக்கிரம் முடித்துப் பேனாவை மூடிவிடுவான். இன்னும் எழுதிக்கொண்டிருப்பவன் யாரென்று பெஞ்சில் இருப்பவர்களுக்குத் தெரிந்துபோகும். அதனால் புகை பற்றிய கேள்விகளில் 'நான் புகைப்பதில்லை' என்பதையும் ஒரு விடையாகவே வைத்திருப்பார்கள்.

வகுப்பாசிரியரே பெஞ்சுகளுக்கு நடுவே நடந்து, வருகைப் பதிவேட்டு எண்ணோடு தாளை வாங்கினால் உண்மை வராது. கூகுள் படிவத்தில் மின்னஞ்சல் சேகரிப்பை அணைக்காமல் விட்டாலும் அதே கதிதான். ஆசிரியர் வெளியே இருக்கட்டும். எழுதியவரே தாளை மடித்துப் பெட்டியில் போடட்டும்.

கேள்வியிலும் கோளாறு உண்டு. 'மாதவிடாய் வலியால் அவதிப்பட்டு விடுப்பு எடுப்பதுண்டா?' என்றால், வலியோடு பள்ளிக்கு வரும் பெண் எதைக் குறிப்பாள்? வலி தனி, விடுப்பு தனி. 'அடிக்கடி' என்பதற்கு ஆளுக்கொரு அளவு. 'கடந்த 30 நாட்களில் எத்தனை நாள்' என்று கேட்டால்தான் கூட்டிப் பார்க்க முடியும். அச்சிடுவதற்கு முன் எட்டுப் பத்துப் பிள்ளைகளிடம் கொடுத்து, என்ன புரிந்தது என்று வாய்விட்டுச் சொல்லவைப்பது அவசியம். முகப்பருவும் உயரமும் பெரியவர்கள் போடும் பட்டியலில் விட்டுப்போகும். பிள்ளைகளுக்கு அவை பெரிய கவலை. கடைசியில் சொந்தமாக எழுத நாலு வரி இடம் விடுங்கள்.

மிகைப்படுத்திக் குறிப்பவர்களும் இருப்பார்கள். ஐரோப்பாவில் 1995 முதல் 16 வயதை எட்டும் மாணவரிடம் நடக்கும் கணக்கெடுப்பில், இல்லாத போதைப்பொருள் ஒன்றின் பெயரையும் பட்டியலில் சேர்ப்பது அதைப் பிடிக்கத்தான்.

எனக்குப் பெரிய கவலை வேறு. எத்தனை பேர் என்று எண்ணுவதும், உதவி தேவைப்படும் பிள்ளையைக் கண்டுபிடிப்பதும் வேறு வேறு வேலைகள். இரண்டையும் ஒரே தாளில் செய்யப் பார்க்கிறார்கள். மனச்சோர்வை அளக்கும் பி.எச்.க்யூ-9 வினாத்தாளில் மதிப்பெண் 0 முதல் 27 வரை. 10 அல்லது அதற்கு மேல் வந்தால் மேற்கொண்டு பார்க்க வேண்டும் என்றுதான் பொருள். நோய் உறுதி என்றல்ல. அதன் 9-வது கேள்வி சாகும் எண்ணம், தன்னைக் காயப்படுத்திக்கொள்ளும் எண்ணம் பற்றியது. பெயரில்லாத தாளில் ஒரு பிள்ளை அதற்கு 'ஏறக்குறைய தினமும்' என்று குறித்தால் யாரைத் தேடிப் போவது? கண்டறிவதுதான் நோக்கம் என்றால் பெற்றோர் ஒப்புதல், பிள்ளையின் சம்மதம், அடையாளக் குறியீடு மூன்றும் வேண்டும். அன்று மாலைக்குள் தாளைப் படித்துப் பேச ஆலோசகரும் வேண்டும். பாலியல் கொடுமை பற்றித் தெரியவந்தால், சிறாரைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டத்தின் 19-வது பிரிவுப்படி புகார் அளிப்பது கட்டாயம். யார் அளிப்பது என்பதை முன்னதாகவே முடிவு செய்ய வேண்டும். வெறும் கணக்கெடுப்புதான் என்றால் பெயர் வேண்டாம். ஆனால் எழுதிய ஒவ்வொருவர் கையிலும் டெலி மானஸ் மனநல உதவி எண் 14416, சிறார் உதவி எண் 1098 அச்சிட்ட சீட்டு இருக்க வேண்டும்.

இனி இத்தகைய செய்திகளில் தாளில் பெயர் கேட்டார்களா, வகுப்பில் யார் இருந்தார்கள், அன்று எத்தனை பேர் வரவில்லை என்பவற்றையும் கேட்டு வெளியிடுங்கள். பள்ளியை விட்டு நின்றவர்கள் இதில் வரமாட்டார்கள் என்பதால் 'வளரிளம் பருவத்தினர்' என்று பொதுவாகப் போடாமல் 'பள்ளிக்கு வந்த மாணவர்' என்றே தலைப்பிடுங்கள்.

இப்படிக்கு,
வாசகர், திருச்சி