‘அது’ என்றால் அதுவாகிவிடுவாரா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மனிதர் என்பவர் முழுக்க முழுக்கச் சமூகம் கட்டியமைத்த கருத்தே என்று வாதிட்ட கட்டுரையைத் தங்கள் நாளிதழில் படித்தேன். அதில் பாதியை நானும் ஏற்கிறேன். ‘நபர்’ என்னும் தகுதியைச் சட்டம் வழங்கவும் செய்கிறது, பறிக்கவும் செய்கிறது. 2017இல் நியூசிலாந்து நாடாளுமன்றம் வாங்கனுயி ஆற்றுக்கே அதை வழங்கியது. ஆனால் கட்டுரையாளர் இங்கிருந்து ஒரே தாவலில், தகுதிக்கு அப்பால் ஆளே இல்லை என்ற முடிவுக்குப் போய்விடுகிறார்.

அவர் சான்றாகக் காட்டும் மாற்றங்களே அவருக்கு எதிராக நிற்கின்றன. அமெரிக்க உளமருத்துவச் சங்கம் 1973இல் தன்பாலீர்ப்பைக் கோளாறுகளின் பட்டியலிலிருந்து நீக்கியது. கோளாறு என்ற அந்தப் பெயர் தன்பாலீர்ப்பாளர்களுக்குப் பொருந்தவில்லை என்பதுதானே அதை எதிர்த்தவர்களின் வாதம்? பொருந்தாமல் போவதற்குப் பெயருக்கு வெளியே ஒருவர் இருந்தாக வேண்டும். அடிமையை உடைமை என்று எழுதிய சட்டத்தையும் நாம் பழையது என்று சொல்லி நிறுத்திக்கொள்வதில்லை, பிழையானது என்கிறோம். எல்லாமே கட்டமைப்பு என்பவர் ‘பிழை’ என்ற அந்தச் சொல்லை எந்த உரிமையில் பயன்படுத்துவார் என்று எனக்கு விளங்கவில்லை.

பெயருக்கு அப்பால் ஆள் உண்மையிலேயே உண்டு என்னும் மெய்ம்மைவாதிகள் எல்லாரும் சரியாகச் சொல்லிவிட்டார்கள் என்பதும் அன்று. ஆறாம் நூற்றாண்டில் ரோமானியத் தத்துவவாதி போயெத்தியுஸ், பகுத்தறியும் இயல்புடைய தனிப்பொருளே நபர் என்றார். 1694இல் ஆங்கிலேயத் தத்துவவாதி ஜான் லாக், ஒருவரின் தொடர்ச்சியை அவருடைய தன்னுணர்விலும் நினைவிலும் வைத்தார். லாக்கின் அளவுகோலை என்னால் ஏற்க முடியாததற்குக் காரணம் புத்தகத்தில் இல்லை. என் தந்தை கடைசி இரண்டு ஆண்டுகள் எவரையும் அடையாளம் காணாமல் படுக்கையில் இருந்தார். பராமரிக்க வந்தவர் ஒருநாள், “அது இன்னும் கண்ணே தொறக்கல” என்றார். ‘குழந்தை அழுகிறது’ என்று நாம் எல்லோரும் அஃறிணையில்தான் சொல்கிறோம். அதனால் எந்தக் குழந்தையும் பொருளாகிவிடுவதில்லை. ஆனால் அன்று அந்த ‘அது’ என்னைச் சுட்டது. அவர் குளிர்ந்த ஈரத்துணியால் முகத்தைத் துடைக்கப் போனபோது, கண் திறக்காமலே தந்தையின் வலக்கை எழுந்து அந்த மணிக்கட்டைப் பிடித்துத் தள்ளியது. இயல்பு என்ற சொல்லைப் போயெத்தியுஸ் ஏன் சேர்த்தார் என்று அப்போதுதான் புரிந்தது: திறன் உறங்கலாம், ஆள் அங்கேயே இருக்கிறார்.

அந்தக் கையைத் தள்ளியவர் யார் என்பதற்குக் கட்டுரையாளர் என்ன விடை சொல்வார் என்று தங்கள் நாளிதழிலேயே படிக்க விரும்புகிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்