உச்சிப்புளி அருகே உதவிய அண்ணனுக்கு நன்றி
தனுஷ்கோடியிலிருந்து குடும்பத்துடன் இரவில் திரும்பும்போது, பிரேக்கை மிதித்தால் எங்கள் காரின் வலப்பக்கப் பின்விளக்கு மங்குவதையும் இண்டிகேட்டர் லேசாக எரிவதையும் பின்னால் வந்து கவனித்து, உச்சிப்புளி அருகே எங்களை நிறுத்திச் சொன்ன அண்ணனுக்கு என் மனமார்ந்த நன்றி. இதே கோளாறுக்கு முன்பே இருமுறை பல்பை மாற்றியிருந்தோம்; அவரோ பல்பைத் தொடாமல், என்னைப் பிரேக்கை மிதிக்கச் சொல்லிவிட்டு, வோல்ட் அளக்கும் மல்டிமீட்டரின் ஒரு முனையை விளக்கின் எர்த் கம்பியிலும் (மின்சாரம் காரின் இரும்பு உடலுக்குத் திரும்பும் கம்பி) மறுமுனையை டிக்கிக்குள் பெயிண்ட் இல்லாத இரும்பிலும் வைத்தார். அரை வோல்ட்கூட இருக்கக் கூடாத இடத்தில் 4 வோல்ட் காட்டியது. உப்புக்காற்றில் எர்த் முனை பச்சை பூத்துவிட்டதால், 21 வாட் பிரேக் விளக்கின் மின்சாரம் பக்கத்து விளக்குகள் வழியே திரும்புகிறது என்று பொறுமையாக விளக்கினார். உப்புத்தாளால் பளபளக்கத் தேய்த்து, போல்ட்டை முறுக்கி, மேலே வாசலின் தடவினார். பணம் வாங்க மறுத்தவர், “மழைக்கு முன்னாடி ஒரு தடவை பார்த்துக்கங்க தம்பி” என்று மட்டும் சொன்னார்.