பிவிபியை அணைத்து வைக்க விடுங்கள்: சர்வர் அட்மின்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள அட்மின் தம்பிகளுக்கு,

பிவிபி, அதாவது விளையாடுகிறவர்களே ஒருவரை ஒருவர் அடித்துக் கொல்லும் சண்டை, வேண்டாம் என்பவர்கள் தங்களுக்கு மட்டும் அதை அணைத்து வைக்க ஒரு வசதி வேண்டும் என்று நம் மைன்கிராஃப்ட் சர்வரில் சிலர் கேட்டிருந்தோம். "பயமா இருந்தா க்ரியேட்டிவ்ல போய் வெளாடுங்க" என்று ஒரே வரியில் பதில் போட்டீர்கள். (க்ரியேட்டிவ் என்றால் எல்லாப் பொருளும் சும்மா கிடைக்கும், அடிபடாத மோடு.) கீழே சிரிப்பு எமோஜி வரிசை கட்டி நின்றது. குரூப்பில் நான் பத்தி பத்தியாக எழுதினால் யார் படிக்கப் போகிறார்கள்? அதனால் எல்லாரும் பார்க்கும்படி இங்கே எழுதுகிறேன்.

சண்டையே கூடாது என்று சொல்ல வரவில்லை. திருநகர் பையன்களும் அண்ணா நகர் பையன்களும் சனிக்கிழமை ராத்திரி கோட்டைக்குக் கோட்டை மோதிக்கொள்வதை மதில் மேல் நின்று பார்த்துக் கை தட்டியவள்தான் நான். சில கேம்களில் சண்டைதான் விளையாட்டே. கடைசி ஆள் மிஞ்சும்வரை சுட்டுக்கொள்ளும் பிஜிஎம்ஐயில் விமானத்திலிருந்து குதித்துவிட்டு "என்னயச் சுடாதீங்கப்பா, சும்மா ஊர் பாக்க வந்தேன்" என்று எவனும் சொல்ல முடியாது. 2003இல் வந்த ஈவ் ஆன்லைன் இன்னொரு தினுசு. அந்த விண்வெளியில் கப்பல்கள் வெடித்துச் சிதறிக்கொண்டே இருந்தால்தான் கப்பல் கட்டுகிறவனுக்கும் தாது வெட்டுகிறவனுக்கும் பிழைப்பு ஓடும். சண்டையை அணைக்க அங்கே ஒரு ஸ்விட்ச் வைத்தால் சந்தையே படுத்துவிடும், அதனால் அங்கே நான் கேட்க மாட்டேன். (அங்கேகூட, பாதுகாப்பு அதிகமான பகுதியில் சும்மா போகிறவனைச் சுட்டால் கான்கார்டு என்ற போலீஸ் வந்து சுட்டவன் கப்பலைத் தூளாக்கிவிடும். நம்மிடம் அந்தப் போலீசும் கிடையாது.)

நம் சர்வர் அந்த ரகமா என்று நீங்களே யோசித்துப் பாருங்கள். இங்கே வந்து முக்கால்வாசிப் பேர் செய்வது ஊர் கட்டுவது. பெரியார் பஸ் ஸ்டாண்டு ஒருத்தர் கணக்கில், புது மண்டபமும் அதில் முன்பு இருந்த தையல் கடைகளும் இன்னொருத்தர் கணக்கில், நாயக்கர் மகால் தூண்களை வளைவு சரியாக வரவில்லை என்று இடித்து இடித்துக் கட்டும் ஒரு காலேஜ் பையன். நான் எடுத்துக்கொண்டது வண்டியூர் தெப்பக்குளம். மைய மண்டபத்துக்கு மணற்கல் வேண்டும், அதற்குப் பாலைவனம் வரை போய் வெட்டி, ஷல்கர் பாக்ஸ் என்ற சுமக்கும் பெட்டிகளில் அடுக்கிக்கொண்டு நடந்து வர வேண்டும். கல் தூக்கப் போகிறவள் டயமண்டு கவசம் மாட்டிக்கொண்டா போவாள்? வழியில் ரெண்டு பேர் பாய்ந்தார்கள். ரெண்டு வெட்டில் முடிந்தது. செத்த இடத்தில் சிதறிய பொருட்கள் ஐந்து நிமிடத்தில் மறைந்துவிடும் என்பதால் செத்தவர்கள் மறுபடி உயிர்த்து எழும் இடமான ஸ்பானிலிருந்து விழுந்தடித்து ஓடினேன். நான் வந்து சேரும்வரை காத்திருந்து, என் கண் முன்னாலேயே பாக்ஸ்களை ஒவ்வொன்றாக லாவாவில் போட்டார்கள். சாட்டில் "ஈஸி" என்று ஒரு வார்த்தை.

மணற்கல்லுக்கு அங்கே என்ன விலை? ஒன்றும் கிடையாது. லூட்டுக்காக அடித்திருந்தால்கூடச் சரி, ஏதோ பிழைத்துப் போகட்டும் என்று விட்டிருப்பேன். க்ரீப்பர் என்ற கேம் பூதம் பின்னால் வந்து வெடித்து அரைச் சுவர் போனாலும் எனக்குக் கோபம் வருவதில்லை, அது க்ரீப்பரின் வேலை. இவர்களுக்கு என் முகம் சுருங்குவதுதான் பரிசு, அதைத் தருவதற்கு நான் ஒத்துக்கொள்ளவே இல்லை.

என் அக்கா மகன் ஆறாவது படிக்கிறான், அவனும் நம் சர்வரில்தான் இருக்கிறான். அவன் விளையாடுவதை ஒருநாள் பின்னால் நின்று பார்த்தேன். உள்ளே நுழைந்ததும் வீட்டுக்குள்ளேயே நின்றுகொண்டு டேப் கீயை அழுத்துகிறான். ஆன்லைனில் இருப்பவர்கள் பெயர்ப் பட்டியல் வருகிறது. அதில் சில பெயர்கள் இருந்தால் கதவைத் திறப்பதே இல்லை. பெட்டியை அடுக்குவான், மறுபடி டேப், மறுபடி பெட்டி. "என்னடா, வெளிய போகலயா?" என்றால், "இருக்காய்ங்க சித்தி. அவிங்க போகட்டும்" என்கிறான். செத்தால் அவன் மறுபடி எழுவது அவன் கட்டிலருகில்தான். முன்பு கட்டிலுக்குப் பக்கத்திலேயே நின்று, அவன் எழுந்திருக்க எழுந்திருக்க வெட்டியிருக்கிறார்கள். இவன் வீட்டிலிருந்தும் உங்கள் சர்வர் வாடகைக்கு மாசாமாசம் ஜிபேயில் பணம் வருகிறது என்பதை மட்டும் நினைவுபடுத்துகிறேன்.

"க்ரியேட்டிவ்ல போ" என்பது பதிலே இல்லை. தனியாக, இலவசக் கல்லில் தெப்பக்குளம் கட்டுவதென்றால் யூடியூப் பார்த்து ஒரு வாரத்தில் கட்டிவிடலாம். நாலு பேர் சேர்ந்து, வெட்டிச் சுமந்து, ராத்திரி ஜாம்பி வராமல் விளக்கு வைத்து, ஒருத்தர் கட்டியதை இன்னொருத்தர் வந்து பார்ப்பதற்குத்தான் சர்வர் என்று ஒன்று இருக்கிறது. உங்கள் கோட்டைச் சண்டைக்குப் பின்னால் ஒரு மதுரை தெரிகிறதே, வீடியோவில் நீங்கள் பெருமையாகக் காட்டுகிறீர்களே, அதைக் கட்டியவர்களைத்தான் வெளியே போகச் சொல்கிறீர்கள்.

இந்தப் பஞ்சாயத்து நம்மோடு ஆரம்பித்ததில்லை. 1997இல் அல்டிமா ஆன்லைன் வந்தபோது ஊருக்குள் காவலர்கள் இருந்தார்கள், எல்லையைத் தாண்டினால் யாரும் யாரையும் கொல்லலாம். மான் வேட்டைக்கும் தாது வெட்டவும் போன புது ஆட்களை ஊர் வாசலிலேயே வெட்டிச் சாய்த்தார்கள். அதை வடிவமைத்தவர்களின் தலைவர் ராஃப் காஸ்டர். விளையாடும் ஜனங்களே ஒன்று சேர்ந்து கொலைகாரர்களை அடக்கிக்கொள்வார்கள் என்பது அவர் நம்பிக்கை. கொலைகாரன் பெயரைச் சிவப்பாகக் காட்டிப் பார்த்தார்கள், தலைக்கு விலை வைத்துப் பார்த்தார்கள். ஒன்றும் வேலைக்காகவில்லை. 2000இல் உலகத்தையே இரண்டாக்கினார்கள். ஃபெலூக்கா பழைய மாதிரி. டிராமெல் என்ற இன்னொரு பிரதியில் சம்மதமில்லாமல் யாரையும் அடிக்க முடியாது. கூட்டம் கூட்டமாக ஜனம் டிராமெலுக்குக் குடி பெயர்ந்தது.

அதோடு அந்த கேம் செத்துப்போச்சு என்று இன்றைக்கும் சொல்கிறவர்கள் உண்டு. அதில் கொஞ்சம் நியாயமும் இருக்கிறது. பயம் இருந்ததால் துணைக்கு ஆள் சேர்த்துக்கொண்டு போனார்கள், வழிக்காவல் குழுக்கள் உருவாயின, அவர்களுக்கென்று ஒரு மரியாதை இருந்தது. டிராமெலில் அதெல்லாம் தேவையற்றுப் போனது. நிஜமான இழப்புதான், மறுக்கவில்லை. ஆனால் கதவைத் திறந்ததும் அத்தனை பேர் ஓடினார்கள் என்றால், அதுவரை அவர்கள் இருந்தது ஆசைப்பட்டா, வேறு வழியில்லாமலா? ஃபெலூக்கா காலியாகிவிட்டது என்று புலம்பியவர்களுக்குக் குறைந்தது எதிராளிகளா, இரைகளா?

அப்புறம் அமேசானின் நியூ வேர்ல்டு. எல்லாரும் எல்லாரையும் அடிக்கலாம் என்றுதான் அதைத் திட்டமிட்டார்கள். சோதனை ஓட்டத்திலேயே பெரிய லெவல் ஆட்கள் புதுசாக வந்தவர்களை வேட்டையாடத் தொடங்க, வெளியிடுவதற்கு முன்பே திட்டத்தை மாற்றி, விரும்பினால் மட்டும் பிவிபி என்று 2021இல் விட்டார்கள். அத்தனை காசு போட்டவர்களே இறங்கி வந்த விஷயம் இது.

இதை நம் ஊர்க்காரர்களுக்கு நான் விளக்கவே தேவையில்லை. தை பிறந்தால் அவனியாபுரம், பாலமேடு, அலங்காநல்லூர் என்று வரிசையாகப் பார்க்கிறோம். மாடு பிடிக்கிறவன் முன்பதிவு செய்கிறான், டாக்டர் பார்க்கிறார், கலர் பனியன் போட்டு சுற்று சுற்றாக இறக்குகிறார்கள். மற்றவர்கள் தடுப்புக்கு இந்தப் பக்கம் நின்று தொண்டை கிழியக் கத்துகிறோம். இந்தப் பக்கம் நிற்கிறவனைப் பார்த்து "பயந்தாங்கொள்ளி, நீ எதுக்கு அலங்காநல்லூர் வந்த?" என்று யாராவது கேட்பார்களா? அதே சிவகங்கைப் பக்கம் மஞ்சுவிரட்டில் பொட்டலில் கட்டுமாடு அவிழ்ப்பார்கள். வாடிவாசலும் கிடையாது, தடுப்பும் கிடையாது. அங்கே குத்துப்படுகிறவர்களில் வேடிக்கை பார்க்க வந்தவன், வயல் வரப்பில் நடந்து போனவன் எல்லாம் உண்டு. நீங்கள் நடத்துவது கட்டுமாடு, தம்பிகளா. நாங்கள் கேட்பது ஒரு தடுப்பு.

இனி வேலைக்கு வருவோம். பிவிபியை அணைத்து வைக்க விட்டால் ஏமாற்றுவார்கள் என்று உங்களில் ஒருவர் சொன்னார். அவர் சொன்னது முழுக்கச் சரி, அதைத்தான் உட்கார்ந்து யோசிக்க வேண்டும். வெட்டிவிட்டு, திரும்ப அடி விழும் நேரத்தில் ஸ்விட்சை அணைப்பான். பிவிபி அணைந்தவன் என்ற தைரியத்தில் அடுத்தவன் பெட்டியைத் திறப்பான். கையால் அடிக்க முடியாதென்றால் தலைமேல் லாவா ஊற்றுவான், டிஎன்டி வெடி வைப்பான். சர்வர் முழுமைக்கும் பிவிபியை அணைத்தால்கூட லாவாவும் டிஎன்டியும் ஆளைக் கொல்லும் என்பது உங்களுக்கும் தெரியும்.

இதற்கெல்லாம் வழி ஏற்கெனவே கண்டுபிடித்து வைத்திருக்கிறார்கள். வேர்ல்டு ஆஃப் வார்கிராஃப்டில் 2018இல் வார் மோடு என்ற பிவிபி ஸ்விட்ச் வந்தபோது, அதைத் தலைநகரத்தில் நின்றால்தான் போட முடியும் என்று வைத்தார்கள். நியூ வேர்ல்டிலும் ஊருக்குள் இருந்தால்தான் மாற்றலாம் என்று வைத்தார்கள். நாமும் ஸ்பான் ஊரில் மட்டும் மாற்றும்படி வைப்போம். மாற்றினால் ஒரு நாள் முழுக்க அப்படியே இருக்கட்டும். சண்டையில் அடி கொடுத்தவனுக்கும் வாங்கினவனுக்கும் கொஞ்ச நேரம் அந்த ஸ்விட்சுக்குப் பூட்டு, அதற்கு பிளகின் (சர்வரில் சேர்க்கும் கூடுதல் மென்பொருள்) இருக்கிறது. அணைத்தவர்கள் பெயர் வேறு நிறத்தில் தெரியட்டும். அவர்களால் யாரையும் அடிக்கவும் முடியாது, பிவிபிக்காரர்களின் கோட்டைப் பெட்டியைத் தொடவும் முடியாது. கோட்டைப் பகுதிகளை வேர்ல்டுகார்டு என்ற பிளகினில் தனியாக வரையறுத்து, அதற்குள் போகிறவன் அணைத்திருந்தாலும் அடி வாங்கட்டும். தடுப்பைத் தாண்டிக் குதித்தவனுக்கு நான் வக்காலத்து வாங்க மாட்டேன். லாவா, டிஎன்டி வைத்தது யார் என்று யார் எதை வைத்தார்கள் என்று குறித்துவைக்கும் கோர்ப்ரொடெக்ட் பிளகினின் பதிவில் தெரிந்துவிடும். அதைப் பார்த்து நடவடிக்கை எடுக்க மட்டும் ஒரு ஆள் வேண்டும். ஆள் இல்லை என்றால் நான் பார்க்கிறேன், கடை மூடிய பிறகு ராத்திரி பத்துக்கு மேல் சும்மாதான் இருக்கிறேன்.

பரிசு விஷயத்தில் எனக்கு ஒரு தயக்கம் உண்டு. சண்டைக்கு ஒத்துக்கொண்டவனுக்குக் கொஞ்சம் கூடுதலாகக் கொடுப்பது நியாயம், வார் மோடிலும் அப்படித்தான். சீ ஆஃப் தீவ்ஸில் 2023 கடைசியில் எதிரிக் கப்பல் இல்லாத தனிக் கடல் கொடுத்தார்கள், கூடவே அங்கே கிடைக்கும் தங்கத்தைக் குறைத்துவிட்டார்கள். கொள்ளைக்கார விளையாட்டு, அங்கே அது பொருந்தும். ஆனால் வசதியைக் கொடுத்துவிட்டு வேலையைப் பிடுங்கிக்கொள்வது தவறு. ஜிடிஏ ஆன்லைனில் பேசிவ் மோடு ஆரம்பத்திலிருந்தே உண்டு, அதைப் போட்டால் யாரும் சுட முடியாது. ஆனால் சரக்கை விற்கப் போனால் எல்லாரும் திரியும் பொது செஷனில்தான் போக வேண்டும். அது வெடிகுண்டுக்காரனுக்கு விருந்து. அழைத்தவர்கள் மட்டும் இருக்கும் செஷனிலும் விற்கலாம் என்று மாற்ற அவர்களுக்கு 2022 ஆனது. அதனால் கோட்டைச் சண்டைக்குக் கிரீடம், பட்டம், தனிக் கொடி எதை வேண்டுமானாலும் கொடுங்கள். நெதர், எண்டு என்ற மற்ற இரண்டு உலகங்களுக்கும் போகிற வழியை மட்டும் பிவிபிக்காரர்களுக்கு என்று ஒதுக்கிவிடாதீர்கள். எண்டில் கிடைக்கும் எலைட்ரா என்ற பறக்கும் இறக்கை இல்லாமல் பாலைவனத்துக்கு நடந்தே போய்வருவது என்னவென்று எனக்குத்தான் தெரியும்.

புதுசாகச் சேருகிறவர்களுக்கு முதலில் அணைத்தே வையுங்கள். வேண்டுமென்றால் அவர்களே போட்டுக்கொள்வார்கள். உங்களில் பாதிப் பேர் போடுவீர்கள் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. அப்போது எதிரில் வருகிறவன் வாளோடு வருவான், வெட்டினால் திரும்ப வெட்டத் தெரிந்தவனாக இருப்பான். அதற்கும் "ஈஸி" என்று எழுத முடிகிறதா பார்ப்போம்.

ஞாயிற்றுக்கிழமை ஓட்டெடுப்பு வைக்கப் போவதாகச் சொன்னீர்கள், சந்தோஷம். ஆனால் அதை வாட்ஸ்அப் குரூப்பில் மட்டும் வைக்காதீர்கள். குரூப்பில் இப்போது மிச்சம் இருப்பது அடிப்பவர்களும், அடியைத் தாங்கிக்கொண்டு இருப்பவர்களும்தான். அடி தாங்காமல் போனவர்கள் குரூப்பை விட்டும் போய்விட்டார்கள். சர்வரின் பழைய பதிவில் அவர்கள் பெயரெல்லாம் இருக்கும், கடைசியாக எப்போது வந்தார்கள் என்பதும் இருக்கும். மீனாட்சி கோயில் தெற்குக் கோபுரத்தைப் பாதியில் விட்டுப் போன பொண்ணு ஒருத்தி இருக்கிறாள், அவளிடமும் கேளுங்கள். அவர்கள் ஓட்டையும் சேர்த்து எண்ணி, முடிவு என் பக்கம் வராவிட்டால், இந்த சர்வர் உலகத்தின் ஃபைலில் ஒரு பிரதி கொடுங்கள். கட்டுகிறவர்கள் நாங்கள் சேர்ந்து வேறு வாடகை பார்த்துக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
தெப்பக்குளம் கட்டும் அக்கா
மதுரை