குவாங்சோவில் வசந்தம் வந்தால் சுவர் வியர்க்கும்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சீனாவின் வசந்த காலம் பற்றி உங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த படப் பக்கத்தைப் பார்த்தேன். செர்ரிப் பூ, ஏரிக்கரை, குடை பிடித்த பெண். படங்களைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் அது வடக்கத்தி வசந்தம். திருப்பூர், கோவைப் பக்கத்திலிருந்து நம் ஆட்கள் வருஷா வருஷம் வந்து இறங்குவது தெற்கே இருக்கும் குவாங்சோவில். பனியனுக்கும் டி-ஷர்ட்டுக்கும் வேண்டிய ஜிப், பட்டன், லேஸ் பார்த்து வாங்கி ஊருக்கு அனுப்பும் வேலையில் நான் இருப்பதும் இங்கேதான். இந்த ஊர் வசந்தம் வேறு தினுசு.

முதலில் சுவர் வியர்க்கும். கதையில்லை, நிஜமாகவே. பிப்ரவரி கடைசியில் தொடங்கி ஏப்ரல் வரை நாலு நாள், ஐந்து நாள் என்று விட்டுவிட்டு இந்தக் கூத்து நடக்கும். குளிரில் சில்லென்று கிடக்கும் தரையிலும் சுவரிலும் தென்சீனக் கடலிலிருந்து வரும் வெதுவெதுப்பான ஈரக் காற்று பட்டதும், ஐஸ் தண்ணீர் ஊற்றிய சொம்பைப் போல வீடு முழுக்க நீர் கோத்துக்கொள்ளும். மாடிப்படி வழுக்கும். கண்ணாடியைத் துடைத்துவிட்டுத் திரும்புவதற்குள் மறுபடி மங்கிவிடும். துவைத்துப் போட்ட சட்டை மூன்றாம் நாளும் ஈரமாகவே இருக்கும், அப்புறம் ஒரு வாடை வேறு. நம்மூர்ப் பழக்கத்தில் ஜன்னலைத் திறந்துவிட்டால் காய்ந்துவிடும் என்றுதான் தோன்றும். திறந்தால் போச்சு, உள்ளே வரும் காற்றுதான் ஈரமே. என் எதிர்வீட்டு அம்மாள் அந்த நாட்களில் ஜன்னல், கதவு எல்லாவற்றையும் அடைத்துவிட்டு, வாசலில் பழைய அட்டைப்பெட்டியைப் பிரித்துப் போட்டு வைப்பார். கொஞ்சம் வசதியானவர்கள் ஈரம் உறிஞ்சும் இயந்திரம் வைத்திருக்கிறார்கள். சாயங்காலம் அதன் தொட்டியிலிருந்து வாளி வாளியாகத் தண்ணீரை எடுத்துக் கொட்டுவதைப் பார்க்க வேண்டுமே!

தொழில்காரர்களுக்கு ஒரு வார்த்தை. இந்தச் சமயத்தில் சொங்தா துணிச் சந்தையில் பருத்தித் துணியை வெட்டி எடை போட்டு ஜி.எஸ்.எம். (ஒரு சதுர மீட்டர் துணி எத்தனை கிராம் என்ற கணக்கு) பார்த்தால் நம்பாதீர்கள். பருத்தி ஈரத்தைக் குடித்துக் கனத்திருக்கும். கடைக்காரர் ஏமாற்றுகிறார் என்று சண்டைக்குப் போகாமல், ஈரப்பதம் கட்டுப்படுத்திய சோதனைக்கூடத்துக்கு அனுப்பிப் பாருங்கள்.

அடுத்தது, இங்கே இலை உதிர்வதும் வசந்தத்தில்தான். தெருவோரத்து ஆல் வகை மரங்கள் மார்ச் மாதத்தில் திடீரென்று மஞ்சளாகி, சில நாட்களில் மொத்தமாகக் கொட்டிவிட்டு, உடனே துளிர்க்கும். துப்புரவுப் பணியாளர்கள் கூட்டக் கூட்ட விழுந்துகொண்டே இருக்கும். பாவம், அவர்களுக்கு வசந்தம் என்றாலே இடுப்பு வலியாகத்தான் இருக்கும்.

அழகு இல்லாமல் இல்லை. முள்ளிலவ மரம் ஓர் இலைகூட இல்லாமல் நின்று செக்கச்செவேலென்று பூக்கும். 1982 முதல் அதுதான் இந்த மாநகரின் அதிகாரபூர்வப் பூ. சீனக் குடியரசை நிறுவிய தலைவர் சுன் யாட்-சென் நினைவு மண்டபத்து வளாகத்தில் முந்நூறு வயதைத் தாண்டிய ஒரு மரம் நிற்கிறது. மார்ச் மாதம் அதைச் சுற்றி எப்போதும் கேமராக் கூட்டம்தான். கனத்த பூ, விழும்போது 'பொத்'தென்று சத்தம் கேட்கும். விழுந்த சூட்டோடு பாட்டிமார் பையும் கையுமாக வந்து பொறுக்கிக்கொண்டு போய், நடைபாதைக் கம்பியிலும் கொடியிலும் காயப்போடுவார்கள். உடம்பில் ஏறிய ஈரத்தை இறக்கும் என்று பன்றி எலும்போடு போட்டு சூப் வைக்கிறார்கள். மூலிகைத் தேநீரிலும் சேர்க்கிறார்கள். இலவு காத்த கிளி என்று நாம் கேலி பேசுவோம். இங்கே பஞ்சு வரைக்கும் யாரும் காத்திருப்பதில்லை, பூவிலேயே கணக்கை முடித்துக்கொள்கிறார்கள்.

மழை, ஈரம், சேறு எதுவானாலும் காலை டீக்கடைப் பழக்கம் மட்டும் நிற்காது. விடிந்ததும் பெரியவர்கள் செய்தித்தாளோடு வந்து வட்டமேசையைப் பிடித்துவிடுவார்கள். ஒரு கெட்டில் டீ, இரண்டு தட்டு பலகாரம், அவ்வளவுதான். பத்து மணி வரை எழுந்திருக்க மாட்டார்கள், யாரும் எழுப்பவும் மாட்டார்கள். யாராவது உங்கள் கோப்பையில் ஊற்றினால் இரண்டு விரலால் மேசையைத் தட்டினால் போதும், நன்றி சொன்ன மாதிரி. வெந்நீர் தீர்ந்தால் மூடியைச் சற்றுத் திறந்து வையுங்கள், கூப்பிடவே வேண்டாம், ஆள் வந்துவிடும்.

ஏப்ரல் 4 அல்லது 5-இல் முன்னோர் கல்லறைக்குப் போகும் நாள், அரசு விடுமுறை. முழுசாகச் சுட்ட பன்றிக்குட்டியைப் படையலுக்கு எடுத்துப் போவார்கள்.

உங்கள் பக்கத்தில் நான் பார்க்க விரும்பியது இன்னொன்று. நகரின் கிழக்கே கி.பி. 594-இல் நிறுவப்பட்ட தென்கடல் தெய்வத்தின் கோயில் இருக்கிறது. மெட்ரோ 13-ஆம் தடத்தில் கோயில் பெயரிலேயே நிலையம் உண்டு. சீனப் பஞ்சாங்கத்தின் இரண்டாம் மாதம் 11 முதல் 13 வரை திருவிழா. 'முதலில் இந்தத் திருவிழா, அப்புறம்தான் கல்யாணம்' என்று உள்ளூரில் ஒரு சொலவடையே இருக்கிறது. காகிதத்தில் செய்து இறகு ஒட்டிய சேவல்களை வாங்கிப் போகிறார்கள். அத்தனையிலும் ஒன்று நிஜமாகவே கூவும் என்பது நம்பிக்கை. உள்ளே ஒரு சிலை, நெற்றியில் கைவைத்துத் தூரத்தைப் பார்த்தபடி நிற்கிறது. தாங் அரச காலத்தில் இந்தியப் பக்கத்திலிருந்து வந்த தூதராம். கோயிலைச் சுற்றிப் பார்த்து, பலாக் கன்று நட்டுக்கொண்டிருந்ததில் கப்பலைத் தவறவிட்டு, கடலைப் பார்த்தபடியே காலம் கழித்தார் என்பது கதை. வெளியூர்க்காரனுக்கு இந்த ஊரில் ஒரு துணை இருக்கிறதென்றால் அவர்தான்.

ஏப்ரல் 15 அன்று இந்த ஊரின் பெரிய வர்த்தகச் சந்தையான கான்டன் கண்காட்சியின் வசந்த காலச் சுற்று தொடங்கும். அதற்கு வரும் நம் ஆட்கள் விடுதியில் மேல்தளத்து அறையாகக் கேளுங்கள், தரைத்தளத்தில் ஈரம் தாங்காது. தோல் செருப்பை ஊரிலேயே விட்டுவிட்டு வாருங்கள், பூசணம் பிடித்துவிடும்.

இப்படிக்கு,
அவிநாசிக்காரர் ஒருவர்,
குவாங்சோ, சீனா.