ஒழுங்கையை அளந்துவிட்டேன்

கோப்பாய்,
வைகாசி கடைசி.

அன்புள்ள மச்சான்,

உன் கடிதத்தை நேற்று இரவு மனிசிக்கும் வாசித்துக் காட்டினேன். எட்டுப் பேரும் ஒரே நாளில் கட்டுநாயக்கா எயார்போட்டில் இறங்குகிறீர்கள், லண்டனில் இருந்து நீங்கள் நாலு பேர், கனடாவில் இருந்து உன் அக்கா குடும்பம் நாலு பேர் என்று படித்ததும் அவளுக்குக் கண் கலங்கிவிட்டது, எனக்குச் சிரிப்பு வந்தது. ஏனென்றால் அதற்கு அடுத்த வரியிலேயே "14 சீற் வான் ஒன்றை 22 நாளுக்கும் பிடித்து வை, பெரிசாகவே பார், இடம் மிஞ்சினால் நல்லதுதானே" என்று எழுதியிருக்கிறாய். இடம் மிஞ்சாது மச்சான். அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம், மற்றப் புதினங்களை இடையிடையே சொல்கிறேன்.

முதலில் என் கூத்தைக் கேள். பங்குனியில் திருநெல்வேலி வீட்டை விட்டு இங்கே கோப்பாய்க்கு மாறினோம் அல்லவா, இரண்டு பேர் சீவிக்கிற வீட்டில் என்ன பெரிய சாமான் இருக்கப்போகிறது என்று ஒரு பட்டாவைப் பிடித்தேன். பட்டா என்றால் உனக்குத் தெரியாமல் இருக்கலாம், நீ போன காலத்தில் இல்லை. டாட்டா ஏஸ் என்கிற குட்டி லொறிக்கு இங்கே அதுதான் பெயர், முக்கால் தொன் ஏற்றலாம். கட்டில், அலுமாரி, பிறிட்ஜ் எல்லாம் ஏறிவிட்டன, பார்த்தால் இன்னும் அரைவாசி இடம் இருக்கிறது. அப்புறம்தான் என் புத்தகப் பெட்டிகள். முப்பத்தைந்து வருசம் வாத்தியார் வேலை பார்த்தவன் வீட்டில் வேறு என்ன இருக்கும்? பதினைந்தாவது பெட்டி ஏறும்போதே பின் ரயர் தட்டையாகத் தொடங்கிவிட்டது, வந்த பெடியன் "ஐயா, இடம் இருக்குது, வண்டிக்குச் சீவன் இல்லை" என்றான். அதற்குப் பிறகு அம்மியும் ஆட்டுக்கல்லும் இருக்கின்றன என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. மூன்று ஓட்டம். கன்ரர் என்கிற பெரிய லொறி ஒன்றைப் பிடித்திருந்தால் ஒரே ஓட்டத்தில் காசும் குறைவாக முடிந்திருக்கும்.

நீயும் லண்டனில் வீடு மாறினபோது இதையேதானே எழுதியிருந்தாய், சாரதிக்கு மேலாலும் பெட்டி நீட்டிக்கொண்டிருக்கிற லூட்டன் வான் ஒன்றை எடுத்து, மொத்தப் பாரம் மூன்றரைத் தொன்னைத் தாண்டக்கூடாது என்பதைப் பாதி ஏற்றின பிறகு பார்த்தேன் என்று. வண்டியின் சொந்தப் பாரமே அதில் பெரும்பகுதியைத் தின்றுவிடும், மிச்சம் ஒரு தொன் மட்டில்தான். ஆக இருவரும் ஒரே வகுப்பில் பெயிலானவர்கள், சரி.

இனி உன் வானுக்கு வருகிறேன். 14 சீற் என்றால் அதில் பெரும்பாலும் சாரதியும் சேர்த்தி. மிச்சத்தில் மூன்று நாலு, நடைபாதையில் விரித்து உட்காருகிற மடக்குச் சீற். சாய்மானம் அரைகுறை, தலைக்கு ஒன்றும் இல்லை, பின்னால் இருப்பவன் ஒன்றுக்குப் போகவேண்டுமென்றால் முன்னால் மூன்று பேர் எழும்ப வேண்டும். அதில் ஒருவரை உட்காரவைத்துக் கட்டுநாயக்காவில் இருந்து ஏழு எட்டு மணித்தியாலம் கொண்டுவருவது பாவம். ஆகவே 14 என்று எழுதியிருந்தால் மனதில் ஒன்பது பத்து என்று வை. அடுத்தது பெட்டி. ஆளுக்கு 23 கிலோவில் இரண்டு என்கிறாய், எட்டுப் பேருக்கு 16 பெட்டி, 368 கிலோ, கைப்பைகள் வேறு. கடைசி வரிசையை மடித்தாலொழிய அவை உள்ளே போகாது, மடித்தால் அந்த வரிசைச் சீற் போச்சு. கணக்குச் சரியாக எட்டில் வந்து நிற்கும், மூச்சுவிட இடம் இருக்காது.

அதுவும் எட்டுப் பேர்தான் ஏறுவார்கள் என்றால். நீ மறந்துபோன ஒரு விசயம் இருக்கிறது, கூட்டிவரப் போகிறவர்கள். வான் யாழ்ப்பாணத்தில் இருந்து வெறுமையாகப் போகிறது என்று தெரிந்தால் போதும். போன வருசம் என் மச்சாள் குடும்பம் ஏழு பேர் வந்தபோது, "பிள்ளையை எயார்போட்டிலேயே பார்க்கவேணும்" என்று சின்னம்மா ஏறினார், அவரைத் தனியே விட ஏலாது என்று அவருடைய மகன், கொழும்பில் ஒரு அலுவல் என்று பக்கத்து வீட்டுப் பெடியன், போதாததற்கு நானும். பெடியன் கொழும்பில் நின்றுவிடுவான் என்றுதான் நினைத்தோம், அலுவல் கெதியாய் முடிந்துவிட்டதாம், திரும்பவும் வந்து ஏறினான். பதினொரு பேர், பன்னிரண்டு பெட்டி, சாரதி. தம்புள்ளை தாண்டும்வரை நான் ஒரு சூட்கேசை மடியில் வைத்திருந்தேன், வவுனியாவில் தேத்தண்ணிக்கு இறங்கியபோது இரண்டு காலும் என்னுடையவையாக இல்லை. உனக்கு நான் சொல்வது, ஒருவரையும் வரச்சொல்லாதே. உன் அம்மாவும் ஆனையிறவு வரைக்குமாவது வருவேன் என்று நிற்கிறா, நான் மறித்துக்கொள்கிறேன். கோபித்தால் என்னோடு கோபிக்கட்டும்.

இங்கே ஓடுகிறவை எல்லாம் அநேகமாக ஜப்பானில் ஓடிக் கழித்தவை என்பது உனக்குத் தெரியும். 2020 பங்குனியில் இறக்குமதியை நிறுத்தினார்கள், சொந்தப் பாவனை வாகனங்களுக்கு 2025 மாசியில்தான் திரும்பத் திறந்தார்கள், அதனால் பழசுக்கும் யானை விலை, வாடகையும் அதற்கேற்ற மாதிரி. ஆட்கள் வாயில் வருகிற பெயர்கள் இவைதான். டொயோட்டா ஹயஸ் வானின் பழைய உருவத்துக்கு டொல்பின் என்பார்கள், புதியதற்குக் கே.டி.எச். அதிலே தட்டைக் கூரை ஒன்று, உயரக் கூரை ஒன்று. தட்டைக் கூரைச் சாதாரண ஹயஸ் 4.695 மீற்றர் நீளம், 1.695 மீற்றர் அகலம். இந்தக் கணக்கு ஏன் இப்படி ஐந்து மில்லிமீற்றர் குறைவாய் நிற்கிறது என்று பார்த்தால், ஜப்பானில் 4.7 மீற்றர் நீளத்தையோ 1.7 மீற்றர் அகலத்தையோ தாண்டினால் வண்டி அடுத்த வகுப்புக்குப் போய்விடும், செலவு கூடும். அங்கே எவனோ வரிக்குப் பயந்து இழைத்த இழைப்பில்தான் இன்றைக்கு நம்முடைய ஒழுங்கைகளில் வான் ஓடுகிறது! அந்த எல்லையைத் தாண்டிச் செய்த நீட்டு உயரக் கூரை 5.38 மீற்றர் நீளம், 1.88 மீற்றர் அகலம், 2.28 மீற்றர் உயரம். நீ கேட்கிற பெரிசு அதுதான்.

ஆறு மாதத்துக்கு முன் எங்கள் ஊர்க் கலியாணம் ஒன்றுக்கு அதையும் விடப் பெரிதாக ரோசா பஸ் ஒன்றை, 25 பேருக்கு மேல் ஏறுகிறது, மாப்பிள்ளை வீட்டார் நேரே படலைக்கே விட்டார்கள். உள்ளே போனது. திருப்ப இடமில்லை. முகூர்த்தம் முடிந்து, பந்தி முடிந்து, பொம்பிளை வீட்டுக் கதியால் வேலியில் நாலு பூவரசைப் பிடுங்கித்தான் பஸ்ஸை வெளியே எடுத்தது. அந்த வேலிச் சண்டை இன்னும் ஓயவில்லை, சம்பந்திகள் அல்லவா.

அதனால் ஞாயிற்றுக்கிழமை நாடாவை எடுத்துக்கொண்டு கொக்குவிலுக்கு, உங்கள் ஒழுங்கைக்குப் போனேன். அம்மா வெளியே வந்து "என்னடா, காணி பிரிக்கிறியளோ?" என்றா. முகப்பில் 2.7 மீற்றர், நல்லம். வைரவர் கோவில் திருப்பத்தில் மின்கம்பத்துக்கும் புது மதிலுக்கும் இடையில் 2.25தான். நாங்கள் சைக்கிளில் மூன்று பேராய்ப் போய் விழுந்த அதே திருப்பம், அப்போது அங்கே கிளுவை வேலி, விழுந்தாலும் கீறலோடு போயிற்று. இப்போது எல்லாம் மதில், ஒவ்வொருவரும் கட்டும்போது அரை அடி வெளியே தள்ளிக் கட்டியிருக்கிறார்கள், பெரும்பாலும் லண்டன் காசும் கனடாக் காசும்தான், உனக்குச் சொல்லத் தேவையில்லை. 1.88 அகல வானுக்கு இரண்டு பக்கக் கண்ணாடியையும் சேர்த்தால் அந்தத் திருப்பத்தில் சுரண்டாமல் போகாது. தட்டைக் கூரை போகும். உயரக் கூரைக்கு இன்னொரு தடை, உங்கள் கறுத்தக்கொழும்பான் மாமரத்தின் கிளை ஒன்று கேற்றுக்கு மேலால் ஒழுங்கைக்குள் தாழ்ந்து கிடக்கிறது. காய் பிடித்திருக்கிறது, வெட்ட அம்மா விடமாட்டா, நானும் வெட்டச் சொல்லமாட்டேன்.

ஆக என் யோசனை இது. எயார்போட்டுக்கு மட்டும் நீட்டு உயரக் கூரையைப் பிடிக்கிறேன், கடைசி வரிசையை மடித்துவைத்து, ஏறுகிறது நீங்கள் எட்டுப் பேர் மட்டும். அது ஒழுங்கை முகப்போடு நிற்கட்டும், பெட்டிகளை அங்கிருந்து ஒரு பட்டாவில் உள்ளே கொண்டுவரலாம், பெடியனை எனக்கு இப்போது நன்றாகத் தெரியும், புத்தகம் இல்லை என்று சத்தியம் பண்ணினால் வருவான். யாழ்ப்பாணத்து வான் கட்டுநாயக்காவுக்கு வெறுமையாகப் போகிற தூரத்துக்கும் நாம்தான் காசு கொடுக்கவேண்டும், அதைக் கணக்கில் வை. அதற்குப் பிறகு 22 நாளுக்கும் வேண்டாம். தட்டைக் கூரை ஒன்றை எட்டோ ஒன்பதோ நாளுக்குப் பேசினால் போதும், கீரிமலை, சந்நிதி, வல்லிபுரம், மன்னாரில் திருக்கேதீச்சரம் எல்லாம் அதில் முடியும்.

நல்லூருக்கு வான் எதற்கு? திருவிழா நடக்கிற 25 நாளும் கோவிலைச் சுற்றி வீதிகளை மூடிவிடுவார்கள், எந்த அளவு வானானாலும் தூரத்தில் விட்டுவிட்டு நடக்கத்தான் வேண்டும், கொக்குவிலில் இருந்து ஓட்டோவில் வந்து இறங்குவது எவ்வளவோ சுகம். நயினாதீவுக்கும் வான் குறிகட்டுவான் இறங்குதுறை வரைக்கும்தான், பிறகு படகு. அந்த நாள் முழுக்க வான் இறங்குதுறையில் வெயில் காய்வதற்கு நீ காசு கட்டுவாய்.

அம்மாவை ஏற்றுவதைப் பற்றிக் கேட்டிருந்தாய். முன் சீற்றில் வைக்கலாம், வசதியாக இருக்கும் என்று நினைக்காதே, ஹயசில் முன் சீற்றுக்குக் கீழேதான் எஞ்சின், ஏறுவதற்கும் உயரம், முழங்கால் நோவோடு அவவால் ஏலாது. கடைசி வரிசை பின் ரயருக்கு மேலே, தூக்கிப் போடும். இழுவைக் கதவுக்குப் பக்கத்து நடு வரிசைதான் அவவின் இடம், ஏறுவதற்கு நம்முடைய பழைய முக்காலி ஒன்றை வானுக்குள் போட்டுவைப்போம். ஏசி பின்னாலும் தனியே இருக்கிறதா, வேலை செய்கிறதா என்று நானே போய் உட்கார்ந்து பார்க்கிறேன், முன்னால் மட்டும் குளிர்கிற வானில் பின்னால் இருப்பவர்களுக்கு ஆடி வெயில் பிட்டு அவிக்கிற மாதிரி. காப்புறுதி வாடகை ஓட்டத்துக்கும் சேர்த்துப் போட்டதா என்பதையும் பார்க்கிறேன், சிலர் சொந்தப் பாவனைக்கு மட்டும் போட்டுவிட்டு வாடகைக்கு விடுகிறார்கள். "நானே ஓட்டினால் என்ன" என்ற உன் ஆசையைக் கைவிடு. லண்டன் அனுமதிப்பத்திரம் மட்டும் இங்கே போதாது, ஏ9 வீதியில் இரவு பஸ்காரர் முந்துகிறதை நீ இன்னும் பார்க்கவில்லை.

எல்லாரும் ஒன்றாக ஒரே வானில் போகவேண்டும் என்ற உன் ஆசை எனக்கு விளங்காமல் இல்லை. அம்மாவோடு சேர்ந்தால் ஒன்பது பேர், தட்டைக் கூரையில் பெட்டி இல்லாமல் ஒன்பது பேர் தாராளமாய்ப் போகலாம். நான் வரவில்லை என்று கோபிக்காதே, கீரிமலைக்கு மட்டும் மோட்டார் சைக்கிளில் பின்னால் வருகிறேன், கேணியில் குதிக்க வயதில்லை, கரையில் இருந்து உன் தொந்தியைப் பார்த்துச் சிரிக்கலாம்.

வேறென்ன, மூத்தவளுக்குக் கிளிநொச்சிக்கு மாற்றம் கிடைத்துவிட்டது, வெள்ளிக்கிழமைகளில் வருகிறாள். மனிசிக்கு புது வீட்டுக் கிணற்றுத் தண்ணீர் உவராக இருக்கிறதென்று ஒவ்வொரு நாளும் ஒரு முறைப்பாடு. ஆட்டுக்கல்லை மூன்று ஓட்டம் ஓடிக் கொண்டுவந்தேன், இன்னும் ஒரு தோசைக்கு மா ஆட்டவில்லை.

அடுத்த கடிதத்தில் இரண்டு விசயம் எழுது. பெட்டி உண்மையில் எத்தனை, அக்கா வீட்டுக்காரர் கடைசி நேரத்தில் தொலைக்காட்சிப் பெட்டி ஒன்றும் கொண்டுவருவார் என்று எனக்குச் சந்தேகம், அதையும் கேட்டு எழுது. மற்றது, வைரவர் கோவில் திருப்பத்தில் மதில் கட்டினவர் உன் ஒன்றுவிட்ட அண்ணர்தானே, நீ அங்கிருந்து ஒருக்கால் கதைத்துப் பார், அவருடைய கேற் வளைவுக்கு வெளியே வைத்திருக்கிற இரண்டு பூச்சாடியை எடுத்தாலே நமக்குப் பத்துச் சென்ரிமீற்றர் கிடைக்கும்.

இப்படிக்கு,
உன் பழைய வாங்குக் கூட்டாளி